எழுதிக் கொடுத்தாயிற்றே, அப்புறம் எதற்கு வாதம்?

“சார், எல்லாத்தையும்தான் எழுத்து வாதுரையில கொடுத்துட்டீங்களே, மறுபடி எதுக்கு ஒரு வாய்தா?” அப்பீல் நடத்தும் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுவிடுவார்கள். வருடக்கணக்கில் அலைந்தவர்களுக்கு இன்னொரு தேதி என்றாலே வயிற்றைக் கலக்கும். புரிகிறது. ஆனாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஜூனியராக இருந்தபோது பட்ட அடி அப்படி.

அது ஒரு சிவில் அப்பீல். 22 பக்க வாதுரையைத் தாக்கல் செய்திருந்தோம். அன்றைக்கு சீனியருக்கு வேறு கோர்ட்டில் குறுக்கு விசாரணை. எழுதித்தான் கொடுத்தாயிற்றே என்ற தைரியத்தில் நானும் நகல் மனு போடப் போய்விட்டேன். வழக்கை அழைத்தபோது எங்கள் தரப்பில் ஆளில்லை. மாலையில் கட்சிக்காரர் போன் செய்தார். இ-கோர்ட்ஸ் செயலியில் ‘டிஸ்மிஸ்டு’ என்று காட்டுகிறதே, தோற்றுவிட்டோமா என்றார்.

தோற்கவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 41 விதி 17இன்படி, அப்பீல்தாரர் வராவிட்டால் வராத காரணத்துக்காகத் தள்ளுபடி செய்யலாம். வழக்கின் தகுதிக்குள், அதாவது யார் பக்கம் நியாயம் என்பதற்குள் போய்த் தள்ளுபடி செய்யக் கூடாது. 30 நாளுக்குள் விதி 19இல் மனு போட்டுத் தக்க காரணம் காட்டினால் அப்பீல் மறுபடி கோப்புக்கு வரும். எங்களுக்கும் வந்தது, ஏழு மாதம் கழித்து. கட்ட வேண்டியிருந்த செலவுத்தொகையை சீனியர் தன் பையிலிருந்து கட்டினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கிரிமினல் அப்பீல் வேறு. வக்கீல் வரவில்லை என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிடக் கூடாது, வழக்குக் கட்டைப் படித்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று 1996இல் பானி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அமெரிக்க ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் கதையே வேறு. அங்கே மேல்முறையீட்டு நடைமுறை விதி 34இன்படி, வாய்வழி வாதம் தேவையில்லை என்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக நினைத்தால், எழுதிக் கொடுத்ததை வைத்தே முடித்துவிடலாம். இரு தரப்பும் சேர்ந்து வாதம் வேண்டாம் என்றும் சொல்லலாம். டெக்சாஸ் அடங்கிய ஐந்தாவது சர்க்யூட் எனும் மேல்முறையீட்டு வட்டாரத்தில், வாதம் ஏன் உதவும் என்றோ, வாதம் வேண்டாம் என்றோ ஒரு குறிப்பை அப்பீல்தாரர் தன் வாதுரையிலேயே சேர்க்க வேண்டும்.

இங்கே எழுத்து வாதுரை வாய்வழி வாதத்துக்குத் துணைதான். 2002 திருத்தத்தில் கட்டளை 18இல் சேர்த்த விதியும், வாய்வழி வாதத்தை முடிப்பதற்குள் கோர்ட் அனுமதித்தால் சுருக்கமாக, தனித்தனித் தலைப்பில் எழுதிக் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. 22 பக்கம் சுருக்கமா என்று கேட்காதீர்கள்.

தன் தீர்ப்பையே மறுபடி பார்க்கச் சொல்லும் சீராய்வு மனுக்களைப் பொதுவாக வாதம் கேட்காமல், நீதிபதிகளின் அறைக்குள்ளேயே சுற்றுக்கு விட்டு முடிக்கும் உச்ச நீதிமன்றம்கூட, தூக்குத் தண்டனை என்றால் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று 2014இல் தீர்ப்பளித்தது. அரை மணி நேரம் போதும் என்றது. அந்த அரை மணியில் என்ன நடந்துவிடும் என்கிறீர்களா? நீதிபதி கேள்வி கேட்பார். காகிதத்திடம் கேட்க முடியாது.

கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து, எதிர்மனுதாரராக நிற்கும்போது மட்டும் எனக்குப் பேச்சு குறையும். அப்பீல்தாரர் பேசி முடித்ததும் நீதிபதி நம் பக்கம் திரும்பாமலே கட்டை மூடினால், அவர் பேச்சு எடுபடவில்லை என்று அர்த்தம்; வாயைத் திறக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

போன வருடம் ஒரு வண்டிப்பாதைத் தகராறு. நாங்கள்தான் அப்பீல்தாரர். இடத்தைப் பார்த்துவரக் கோர்ட் நியமித்த கமிஷனரின் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நீதிபதி, “இந்தப் பாதை கிணற்றுக்குக் கிழக்கேவா மேற்கேவா?” என்றார். இரு தரப்பு வாதுரையிலும் அதற்குப் பதில் இல்லை. யாரும் அதை ஒரு கேள்வியாகவே நினைக்கவில்லை. பின்வரிசையில் இருந்த எங்கள் பெரியவர் எழுந்து, “மேக்கால சாமி, புளியமரத்த ஒட்டி” என்றார். பெஞ்ச் கிளர்க் அவரை உட்காரச் சொன்னார். நான் வரைபடத்தில் புளியமரத்தைத் தேடினேன். இருந்தது.