கோழி, பூனை, ஆடு, கிணறு: எல்லாம் ஒரே வளவுக்குள்

மாரி தொடங்கி இரண்டாம் கிழமை. விடிய ஆறு மணிக்கு முன்பே தொலைபேசி அடித்தது. "டொக்டர், நேற்றுப் பின்னேரம் நல்லாத்தான் மேய்ஞ்சு திரிஞ்சது. விடியப் பார்க்க மூண்டு கோழி செத்துக் கிடக்குது. மிச்சம் எல்லாம் தூங்கி விழுது."

யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கத்து வீடு. பதினெட்டு ஊர்க்கோழி, இரண்டு ஆடு, வைக்கோல் போருக்குள் குட்டி போட்டிருந்த ஒரு பூனை, எல்லாவற்றுக்கும் நடுவில் கிணறு. நான் போனபோது கோழிகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்துகொண்டிருந்தன. ஒரு பேட்டின் கழுத்து முறுகித் திரும்பியிருந்தது. "புதுசா ஏதும் கோழி வாங்கினீங்களோ அம்மா?" என்று கேட்டேன். "ஓம், போன கிழமை சந்தையில ஒரு சேவல் வாங்கினனான். நல்ல வடிவான சேவல்." ஐந்தாம் நாள் அந்த வளவில் இரண்டு கோழிகள்தான் மிஞ்சின.

அது ராணிக்கெட். நம் ஊரில் வெள்ளைக் கழிச்சல் என்றும் சொல்வார்கள். 1926 அளவில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட வைரஸ் நோய் இது. இந்தியாவில் ராணிக்கெட் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரே நின்றுவிட்டது. நூறு வருடம் ஆகியும் வந்த நோயை மாற்ற மருந்து கிடையாது. தடுப்பு மருந்து மட்டும்தான் உண்டு. தடுப்பு மருந்து போடாத கூட்டத்துக்குள் கடுமையான வகை புகுந்தால் பத்தில் ஒன்பது கோழி போனாலும் ஆச்சரியமில்லை. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுப்பவர்களை நான் ஏசுவதில்லை. கோழிக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் அந்த வைரசை அது கொல்லாது. பார்மசியில் வாங்கி, கப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் அன்டிபயோட்டிக்கும் கொல்லாது. அது முட்டைக்குள் இறங்கி வீட்டுப் பிள்ளையின் தட்டுக்கு வருவதுதான் மிச்சம்.

தடுப்பு மருந்தை ஏன் போடவில்லை என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "பத்துக் கோழிக்கு ஆர் வந்து ஊசி போடுவினம்?" அதில் நியாயம் இருக்கிறது. மருந்துக் குப்பி ஒன்றைத் திறந்தால் நூறு கோழிக்கு மேல் போடலாம், திறந்த பிறகு மிச்சம் வைக்கவும் முடியாது. கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஆகவே ஒழுங்கையில் இருக்கும் ஏழெட்டு வீடுகள் சேர்ந்து ஒரு நாள் குறியுங்கள். குஞ்சுகளுக்கு அது ஊசிகூட இல்லை. ஏழாம் நாளளவில் கண்ணில் ஒரு துளி, நான்காம் கிழமையளவில் இன்னொரு துளி, அவ்வளவுதான். அடுத்தடுத்த தடவைகளை உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியர் அலுவலகம் சொல்லும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. அது உயிருள்ள மருந்து, 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில்தான் இருக்க வேண்டும். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மத்தியான வெயிலில் வந்தால், வீட்டுக்கு வந்து சேருவது வெறும் தண்ணீர். ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு போங்கள், காலையிலோ பின்னேரத்திலோ போடுங்கள்.

வாங்கி வரும் கோழியை மூன்று கிழமை தனியே அடையுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் அல்ல, வளவின் மறு மூலையில். முதலில் பழைய கோழிகளுக்குத் தீன் வைத்துவிட்டுப் பிறகு புதியதிடம் போங்கள். நோய் அதன் உடம்பில் இருந்தால் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள் வெளியே வந்துவிடும்.

இன்னொன்றைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கோழி தூங்கத் தொடங்கியதும் மிச்சத்தை அவசரமாக விற்றுவிடுகிறார்கள். கோப்பாயில் வாங்கிய அந்த வடிவான சேவலும் யாரோ ஒருவர் அப்படி விற்றதாகத்தான் இருக்கும். செத்ததை வேலிக்கு வெளியே எறிந்தால் நாயும் காகமும் அடுத்த ஒழுங்கைக்குக் கொண்டு போகும். கிணற்றுக்கு எட்டத் தள்ளி ஆழக் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் சில இடங்களில் ஒரு அடி வெட்டினாலே கல்லு தட்டும். அங்கே எரிப்பதுதான் வழி.

மாரியில் குஞ்சுகள் சாவதற்கு வேறொரு காரணமும் உண்டு, இரத்தக் கழிச்சல். மூன்று கிழமைக்கும் ஆறு கிழமைக்கும் இடைப்பட்ட குஞ்சுகளைத்தான் அது கூடுதலாகப் பிடிக்கும். ஈரமான தரையில்தான் அந்தக் கிருமியின் முட்டைகள் விளைகின்றன. நல்ல செய்தி, இதற்கு மருந்து உண்டு, நேரத்துக்குக் கொடுத்தால் குஞ்சுகள் பிழைக்கும். ஆனால் உமியைக் கிளறிக் காய வைப்பதும், தண்ணீர்ப் பாத்திரம் ஊற்றுப்படாமல் பார்ப்பதும் மருந்தை விடப் பெரிது. தாராவைக் கோழியோடு ஒரே கூட்டில் விடவேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். தாரா நின்ற இடம் காயாது. வான்கோழியையும் கோழியோடு விடாதீர்கள். கோழி தாங்கிக்கொள்ளும் ஒரு குடல் கிருமி வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடும்.

சரி, பூனைக்கு வருவோம். கோழித் தீன் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலிக்காகப் பூனை வளர்க்கிறோம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டு போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளமும் சேறும் காலில் உள்ள வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகும் நோய் அது. மாடும் ஆடும் நாயும்கூட அந்தக் கிருமியைச் சிறுநீரில் கழிக்கக்கூடும். மாரியில் வெறுங்காலோடு கொட்டில் கூட்டாதீர்கள். எலியைக் குறைக்கப் பூனை உதவும், ஆனால் என் அனுபவத்தில் மூடியுள்ள தகர வாளி அதைவிட உதவும். பின்னேரம் மிஞ்சிய தீனை எடுத்து வாளிக்குள் போட்டு மூடிவிட்டால் எலிக்கு அந்த வளவில் வேலை இல்லை. எலி குறைந்தால் எலியைத் தேடிவரும் புடையன் பாம்பும் குறையும்.

எலிப் பாசாணம் வைக்கும் வீட்டில் பூனை நீண்ட நாள் நிற்காது. மருந்து தின்ற எலி ஆடி ஆடிப் போகும், பூனை லேசாகப் பிடித்துத் தின்னும். சில வகைப் பாசாணத்தில் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் பூனையின் மூக்கிலும் ஈறுகளிலும் இரத்தம் கசியும், அதற்குள் பாசாணம் வைத்ததே வீட்டில் மறந்துபோயிருக்கும். பெட்டியின் உறையை எறியாமல் வைத்திருங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் சிலவற்றுக்கு மாற்று மருந்து உண்டு.

பனடோல் பற்றி நான் எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். ஒரு பின்னேரம் பாடசாலைச் சட்டையோடு ஒரு தம்பி பூனையைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தான். "காய்ச்சல் மாதிரி இருந்தது, அம்மம்மா அரைப் பனடோல் கரைச்சுப் பருக்கினவ." பூனையின் முகம் வீங்கியிருந்தது, மூச்சு இழுத்தது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு சொக்லேட் நிறம். பனடோலில் உள்ள பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் வல்லமை பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அது இரத்தத்தை மாற்றிவிடும், அந்த இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காது. ஒரு 500 மில்லிகிராம் குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அந்தப் பூனையை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அம்மம்மா அன்போடு கொடுத்ததுதான், பேரனும் அன்போடுதான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அதனால்தான் இதை விடாமல் சொல்கிறேன்: பூனைக்குப் பனடோல் வேண்டாம். கால் குளிசையும் வேண்டாம், குழந்தைக்குக் கொடுக்கும் பாணியும் வேண்டாம்.

பூனைக்கும் விசர்நோய் வரும். நாய்க்குத் தடுப்பூசி போடும் வீடுகளில்கூடப் பூனையை விட்டுவிடுகிறார்கள். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், அப்படியே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நோய் வெளிப்பட்ட பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் பூனையைத் துரத்தத் தேவையில்லை. பூனை கழித்ததை வேறொருவர் தினமும் அள்ளட்டும். அதில் இருக்கக்கூடிய கிருமி தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது எடுக்கும்.

பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும், ஒன்பது கிழமையில் ஈனும், பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்படும். பிறகு குட்டிகளைப் பையில் கட்டிச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விடுவது நடக்கிறது. கருத்தடைச் சத்திரசிகிச்சை ஒரு நாள் வேலை. தயவுசெய்து செய்யுங்கள்.

ஆடுகளைப் பொறுத்தவரை நான் கூடுதலாகப் பார்ப்பது சோறு தின்று சாவது. கலியாண வீடு, அந்தியேட்டி, பட்டிப் பொங்கல், எதுவானாலும் மிஞ்சிய சோறும் பொங்கலும் ஆட்டுக்குப் போகும். பாசம்தான். ஆனால் அவ்வளவு மாச்சத்து ஒரேயடியாகப் போனால் ஆட்டின் முதல் இரைப்பையில் அமிலம் பெருகிவிடும். வயிறு ஊதும், பல்லைக் கடிக்கும், புளித்த மணத்தோடு தண்ணீராய்க் கழியும், மறுநாள் படுத்துவிடும். பலாப்பழமும் இதையே செய்யும். கோழித் தீன் வாளிக்குள் தலையை விட்ட ஆடும் இப்படித்தான் சாகும், மூடியுள்ள வாளி என்று நான் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். அப்பச் சோடா கொடுப்பது உண்மையான சிகிச்சைதான், ஆனால் அளவைக் கேட்டுக் கொடுங்கள். படுத்த ஆட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சுவாசப்பைக்குள் போய்விடும். பூவரசங்குழையும் முள்முருக்கும் தாராளமாகப் போடுங்கள். வெட்டிய மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடவேண்டாம். வேலியோரத்து அலரியை ஆட்டுக்கு எட்டாமல் வையுங்கள்.

குளிரையும் லேசாக எடுக்காதீர்கள். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்தன. மழையில் நனைந்து, வயிறும் காய்ந்து, வாடைக் காற்றில் நின்றால் உடம்பு தாங்காது. கொட்டிலின் வாடைப் பக்கத்தைக் கிடுகால் அடைத்து, குட்டிகள் நிற்கும் தரையை உயர்த்திவிடுங்கள். ஐப்பசிக்கு முன்பே செய்துவிட வேண்டிய வேலை இது.

அப்புறம் கிணறு. எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பது எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் தண்ணீர்தான். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் இருப்பதால் மேலே விழுவது வடிபடாமல் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். கோழி எருவில் நைதரசன் அதிகம். அதைக் கிணற்றடியில் குவித்து மாரி மழையில் விட்டால், நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்கும். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் குழந்தையின் இரத்தமும் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகலாம், உடம்பு நீலம் பாரிக்கும். அந்தத் தம்பியின் பூனைக்கு நடந்த அதே மாற்றம்தான் இது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். எருக் குவியலையும் கொட்டிலையும் கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு மேல் தள்ளி வையுங்கள். இரண்டு பரப்புக் காணியில் அது கஷ்டம், எனக்குத் தெரியும். அப்படியானால் குவியலுக்கு மேலே ஒரு தகரமாவது போடுங்கள். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள்.

கோப்பாய் அம்மா மறுபடி குஞ்சு எடுத்திருக்கிறார். இம்முறை ஒழுங்கையில் ஆறு வீடு சேர்ந்து மருந்து எடுத்தார்கள், பிளாஸ்க் அவருடையது.

மிருக வைத்தியரைக் கூப்பிடும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: கடைசியாக எப்போது தின்றது, அண்மையில் வளவுக்குள் புதிதாக என்ன வந்தது, நீங்கள் என்ன மருந்து கொடுத்தீர்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள், நாங்கள் ஏச மாட்டோம். அந்தத் தம்பி வாசலில் நின்றபடியே பனடோல் என்று சொன்னதால்தான் என்ன நடக்கிறது என்று எனக்கு உடனே விளங்கியது. ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் அந்தப் பூனைக்கு ஏதாவது செய்திருக்கலாம்.