ஆக்சில் வரவில்லையா? முதலில் சுத்தியலைக் கீழே வையுங்கள்

போன வாரம் பட்டறைக்கு ஒரு பழைய சின்ன பைக் வந்தது. பின் சக்கரம் கழற்ற முடியாமல் அப்படியே வண்டியோடு இறுகிக் கிடந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பையனின் வலது கண்ணில் கட்டு. அப்பா ஓட்டிய வண்டியாம், தன் கையாலேயே சரிசெய்து ஓட்டவேண்டும் என்று ஆசை. சக்கரத்தின் நடுவே நுழைந்து அதைத் தாங்கும் அச்சுதான் ஆக்சில்; அதன் நட்டைக் கழற்றிவிட்டு, பெரிய சுத்தியலால் ஒன்றரை மணி நேரம் அடித்திருக்கிறான். ஆக்சில் முனையிலிருந்து தெறித்த சில்லு கண்ணில் பாய்ந்துவிட்டது. டாக்டர் எடுத்துவிட்டார், பார்வை தப்பியது. ஆக்சில் மட்டும் அங்கேயே இருந்தது.

இந்த வருடத்தில் இப்படி வந்த நான்காவது வண்டி இது. மனசு பொறுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் ஒரே மாதிரிதான் நினைக்கிறார்கள்: "ஆக்சில் வரவில்லை, அப்படியானால் நான் அடித்தது போதவில்லை." கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஆக்சில் ஒரு நீளமான கம்பி. அது ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை), காலர் (இடைவெளி வளையம்), பேரிங் (குண்டுகள் வைத்த வளையம்), பேரிங்குகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்டன்ஸ் பீஸ் என்ற குழாய், மறுபடி பேரிங், ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பக்கத்துக் காலர் என்று வரிசையாக எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்து போகிறது. வருடக்கணக்கில் மழைத் தண்ணீர் இறங்கி, துரு பிடித்து, இத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிறது. நீங்கள் முனையில் அடிக்கும் அடி துருப்பிடித்த இடத்துக்கு முழுசாகப் போய்ச் சேர்வதே இல்லை. வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, பின்னால் ஷாக் அப்சார்பர், கீழே டயர். அடிக்கிற வேகத்தில் பாதியை இவையே வாங்கிக்கொள்கின்றன. மிச்சம் பேரிங்கின் உள்வளையம் வழியாகக் குண்டுகளுக்குப் போகிறது. அந்தக் குண்டுகள் ஓடுபாதையில் பள்ளம் போட்டுவிடும். ஆக்சில் அசையவில்லை, பேரிங் செத்துவிட்டது. இதற்காகவா இத்தனை உழைப்பு?

இன்னொன்றும் நடக்கிறது. நட்டு இல்லாத வெறும் மரையில் அடித்தால் முனை காளான் குடை மாதிரி விரிந்துவிடும். விரிந்த முனை எந்த ஓட்டைக்குள்ளும் நுழையாது. அதாவது, துரு விட்டுக்கொடுத்தாலும் இனி ஆக்சில் வெளியே வராது. துரு போட்ட பூட்டுக்கு மேலே நீங்கள் ஒரு பூட்டு போட்டுவிட்டீர்கள். அந்தப் பையனின் வண்டியில் நடந்தது இதுதான்.

துருவை உடைப்பது திருப்புதல். முனையில் தட்டுவது அதற்குத் துணைக்கு மட்டும். ஆக்சிலின் தலைப் பக்கத்தில் சரியான அளவு ரிங் ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னும் திருகுங்கள். சில வண்டிகளில் தலையில் ஒரு ஓட்டை இருக்கும்; அதில் கம்பி நுழைத்துத் திருப்ப வேண்டும். கால் சுற்று அசைந்தால் போதும், மீதி தானாக வரும். அசையவே இல்லையா? எண்ணெய் விட்டு வண்டியை அப்படியே விடுங்கள். மறுநாள் திரும்பி வாருங்கள்.

எண்ணெய் விடுவதிலும் ஒரு தப்பு. நட்டின் மேல் எண்ணெயைத் தெளித்துவிட்டு "போட்டாச்சே" என்கிறார்கள். துரு இருப்பது உள்ளே, காலருக்கும் பேரிங்குக்கும் அடியில். ஸ்விங் ஆர்முக்கும் காலருக்கும் நடுவே தெரிகிற இடுக்கில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அங்கே மெல்லத் தட்டுங்கள், அரை மணி கழித்து மறுபடி விடுங்கள். டபிள்யூடி-40 ஸ்பிரே டப்பாவை எல்லா நோய்க்கும் மருந்தாக நம்புகிறவர்கள் நிறைய. 1953-இல் அதை உருவாக்கியதே தண்ணீரை விரட்டித் துருப்பிடிக்காமல் காப்பதற்குத்தான். பெயரில் உள்ள 40, நாற்பதாவது முயற்சியில் கைகூடிய கலவை என்பதைச் சொல்கிறது. லேசான துருவுக்கு உதவும். பத்து வருடத் துருவுக்கு, ஊடுருவுவதற்கென்றே வரும் துரு நீக்கி எண்ணெயும் ஓர் இரவுப் பொறுமையும் வேண்டும்.

தட்டித்தான் ஆகவேண்டும் என்றால், நட்டை மரை முனைக்குச் சமமாக வரும்வரை திருப்பி வைத்துவிட்டு, பித்தளை அல்லது செம்புத் துண்டை நடுவில் கொடுத்துத் தட்டுங்கள். எதிர்ப்பக்க ஸ்விங் ஆர்முக்குக் கனமான முட்டுக் கொடுங்கள். கண்ணாடி போடாமல் ஒரு தட்டுகூடத் தட்டாதீர்கள். சுத்தியல் முகத்தை இன்னொரு சுத்தியலால் அடிப்பவர்களையும் பார்க்கிறேன். இரண்டுமே கடினப்படுத்திய எஃகு, சில்லு கட்டாயம் பறக்கும்.

ஹப்பிலிருந்து (சக்கரத்தின் நடுக்கூடு) பேரிங்கைக் கழற்றச் சூடு காட்டுவது பற்றி எல்லோருக்கும் ஒரு குழப்பம். "சூடாக்கினால் இரும்பு விரியும், ஓட்டை இன்னும் சின்னதாகிவிடுமே?" இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டுவிட்டேன்! ஓட்டையும் விரியும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா எப்படிப் போடுகிறார்கள்? பட்டாவைப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள், அது பெரிதாகிச் சக்கரத்தின் மேல் உட்காருகிறது, தண்ணீர் ஊற்றியதும் இறுகுகிறது. அதே கணக்கு இங்கேயும். ஹப் அலுமினியம், பேரிங் எஃகு. ஒரே சூட்டில் எஃகைவிட அலுமினியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். சின்ன பைக்குகளில் பரவலாக இருக்கும் 6301 பேரிங்கின் வெளிவிட்டம் 37 மில்லிமீட்டர். ஹப்பும் பேரிங்கும் சேர்ந்து 80 டிகிரி கூடுதலாகச் சூடானால் பேரிங்குக்கும் ஹப்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு இளக்கம் கிடைக்கும். கேட்க அற்பமாக இருக்கும், பேரிங் பிடித்திருப்பதே கிட்டத்தட்ட அவ்வளவில்தான்.

சூட்டுக்குக் கொதிநீரும் ஹாட் ஏர் கன்னும் போதும். டயர், ட்யூப், பெட்ரோல் டேங்க் பக்கத்தில் தீ வேண்டவே வேண்டாம். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டவே காட்டாதீர்கள். குளோரின் கலந்த வகைகள் தீயில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும், நுரையீரலையே கெடுத்துவிடும்.

பிரேக் ஷூக்களைத் தாங்கும் பிரேக் தட்டு, அவை உரசும் டிரம்மைவிட்டு வரவில்லை என்றால் பெரும்பாலும் அது துரு கிடையாது. டிரம் தேய்ந்து விளிம்பில் ஒரு வரப்பு நிற்கும், ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். பிரேக் ராடு நட்டை முழுசாகத் தளர்த்தி, ஷூக்களை விரிக்கும் கேம் கையைப் பின்னுக்குத் தள்ளினால் வந்துவிடும். ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள், அலுமினியத் தட்டு விரிசல் விட்டுவிடும். உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவும் கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டித் தூக்கிப் போடுங்கள்.

ஸ்ப்ராக்கெட் நட்டுகளைச் சக்கரம் வண்டியில் இருக்கும்போதே தளர்த்துவதுதான் நல்லது. ஒருவர் பின் பிரேக்கை மிதித்துப் பிடித்தால் சக்கரம் சுற்றாது. நட்டு கழலாமல் பிடித்திருக்கும் லாக் தகட்டின் மடித்த காதுகளை முதலில் நிமிர்த்துங்கள். நிமிர்த்தாமல் ஸ்பேனர் போட்டு நட்டின் மூலையைத் தேய்த்துவிட்டு வருபவர்களிடம் என்ன சொல்வது?

பேரிங் கழற்றும்போது முதலில் அதைப் பூட்டியிருக்கும் சர்க்கிளிப் வளையம் இருக்கிறதா பாருங்கள். சிலவற்றில் திருகு வளையம் இருக்கும், அதன் மரை இடது மரையாகவும் (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக் கழற்றுவது) இருக்கலாம். டிஸ்டன்ஸ் பீஸைக் கொஞ்சம் ஒதுக்கி, உள்வளையத்தில் சுற்றிச்சுற்றித் தட்ட வேண்டும். அப்படி எடுத்த பேரிங்கை மறுபடி போடாதீர்கள், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

எதற்கும் மசியவில்லை என்றால், ஸ்விங் ஆர்முக்கும் காலருக்கும் நடுவே ஹேக்சா பிளேடு விட்டு ஆக்சிலை அறுத்துவிடலாம். புது ஆக்சில் வாங்கலாம், வளைந்த ஸ்விங் ஆர்மை நேராக்குவது பெரும்பாடு. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அறுத்த ஆக்சிலுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் சாதாரண மரைக்கம்பியைப் போடாதீர்கள். உங்களையும் பின்னால் உட்காருபவரையும் அந்த ஒரு கம்பிதான் தாங்குகிறது.

பையனின் வண்டியில் கடைசியில் அறுக்கத்தான் வேண்டியிருந்தது. அவனையே பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணாடி மாட்டிவிட்டு, புது ஆக்சிலில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவச் சொன்னேன். நட்டு கழலாமல் பூட்டும் புது காட்டர் பின்னையும் அவன்தான் போட்டான். முதல் நாள் ஓட்டி முடித்ததும் நட்டு இறுக்கத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யச் சொல்லி அனுப்பினேன். அன்று சாயங்காலமே செய்தான்.