கூப்பன்: வெட்டிய துண்டின் கதை

மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடியில் அம்மம்மாவின் தகரப் பெட்டிக்குள், காணி உறுதிக்கு அடியில், பங்கீட்டு அரிசி வாங்கிய ஒரு கூப்பன் புத்தகம் கிடந்தது. பழுப்பேறிய தாள்களில், சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடையில்) வெட்டியெடுத்த இடங்களெல்லாம் பல் விழுந்த வாய்போல் தெரிந்தன.

கூப்பன் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் வழியே நம்மிடம் வந்த சொல். வெட்டுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. வெட்டியெடுத்த துண்டு என்பதே முதற்பொருள். 1942இல் பர்மாவை யப்பான் பிடித்து, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது இலங்கையில் பங்கீடு தொடங்கியது. அதோடு இந்தச் சொல்லும் குசினிவரை வந்துவிட்டது.

1948இல் வெள்ளையர் போனார்கள், கூப்பன் போகவில்லை. தேயிலை, இறப்பர், தெங்கு விற்ற காசில் சோற்றுக்கு அரிசி வாங்கிய நாடு இது. விற்கும் பொருளின் விலை சரிந்து, வாங்கும் அரிசியின் விலை ஏறினால் திறைசேரி ஆட்டம் கண்டுவிடும். 1952இல் இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கச் சீனாவோடு ஒப்பந்தம் செய்தார்கள். அதுவும் போதவில்லை. 1953இல் அரிசி மானியத்தை வெட்டியதும் கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க இரண்டு மாதங்களில் பதவி விலகினார்.

நெல் விளையும் மட்டக்களப்புக்கும் கூப்பன் தேவைப்பட்டதா என்று கேட்கலாம். வட்டை என்னும் வயல்வெளி நிறைய விளைந்தாலும், நெல் நிலச்சொந்தக்காரரான போடியாரின் நெற்பட்டறைக்குச் சேமிக்கப் போனது. அவரிடம் வயல்வேலை செய்த முல்லைக்காரனின் பிள்ளைகளுக்குச் சங்கக்கடைதான் கதி. அரிசி இறக்குமதியைக் குறைக்கவென்று 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டமும் நம் பக்கத்திலேதான், இங்கினியாகலையில். அதோடு வந்த குடியேற்றத்தின் வலி தனியே எழுதவேண்டியது.

கூப்பனைத் தமிழில் பங்கீட்டு அட்டை என்கிறோம். அட்டைக்கு அது பொருந்தும், வெட்டும் துண்டுக்குப் பொருந்தாது. சீட்டு என்றால் பஸ் சீட்டும் சீட்டுதான். நான் சொல்வது 'பங்கீட்டு நறுக்கு'. நறுக்கிய ஓலைத் துண்டில் எழுதிய சீட்டை 'ஓலை நறுக்கு' என்பது பழைய வழக்கு. வெட்டும் துண்டும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன.

1979இல் உணவு முத்திரை வந்து கூப்பனை ஓரங்கட்டியது. அம்மம்மா மட்டும் கடைசிவரை, சங்கக்கடைக்குப் போய்வந்தவர்களிடம் "கூப்பன் வெட்டியாயிற்றா?" என்றுதான் கேட்டார்.