நரம்பைத் தேடிப் பிடித்த பிறகே கட்டியில் கை

காது மடலுக்குக் கீழே வலியே இல்லாமல் ஒரு உருண்டை மெல்ல வளர்கிறது என்றால், அது பெரும்பாலும் பரோடிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டியாக இருக்கும். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் இங்கேதான் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அப்படியானால் கீறி எடுத்துவிட வேண்டியதுதானே? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்படித்தான் உறையைக் கீறி உள்ளிருப்பதைத் தோண்டி எடுத்தார்கள். தங்கிப்போன துணுக்குகளிலிருந்து பலருக்கு ஆண்டுகள் கழித்துக் கட்டி திரும்ப வந்தது, அதுவும் பல முடிச்சுகளாக. அதனால்தான் இப்போது சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து எடுக்கிறார்கள்.

சிக்கல் அந்தத் திசுவில்தான் இருக்கிறது. முகத்தசைகளை இயக்கும் நரம்பு காதுக்குப் பின்னால் மண்டையோட்டின் அடித்துளை வழியாக வெளிவந்து, சுரப்பிக்குள் புகுந்து, வாத்தின் பாதம்போல் விரிந்து ஐந்து கிளைகளாகிறது. அடித்தண்டின் தடிமன் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான்.

நரம்புக்கு ஆபத்து வரக் கூடாதென்றால் அதை விட்டு விலகியே வேலை செய்ய வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரும்பாலான பரோடிட் அறுவைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. கட்டியைத் தொடுவதற்கு முன் நரம்பைத் தேடிப் போகிறார்கள். காதுத் துளைக்கு முன்னால் விரலுக்குத் தட்டுப்படும் குருத்தெலும்பின் உள்முனை ஒரு வழிகாட்டி. அதிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் கீழே, இன்னும் ஆழத்தில் தண்டு கிடக்கும். தாடைக்கு அடியில் ஓடும் டைகாஸ்ட்ரிக் தசையின் மேல்விளிம்பு இன்னொரு அடையாளம். வெண்மையான அந்த இழை கண்ணில் பட்டதும் வேலையின் வேகமே மாறிவிடும். நுண்ணிய இடுக்கியின் முனையை நரம்பின் மேல் படுக்கவைத்து, மேலுள்ள திசுவைத் தூக்கி, நரம்பைப் பார்த்துக்கொண்டே வெட்டுகிறார்கள். ஒரு துளி இரத்தம் போதும், நரம்பு மறைந்துவிடும்.

துணைக்கு ஒரு கருவியும் உண்டு. கண்ணையும் உதட்டையும் சுற்றியுள்ள தசைகளில் மெல்லிய ஊசி மின்முனைகளைச் செருகியிருப்பார்கள். நரம்பைச் சீண்டினால் தசை துடிக்கும், கருவி ஒலிக்கும். அந்த நேரத்தில் தசையைத் தளர்த்தும் மருந்தின் விளைவு இருக்கக் கூடாது. இதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பார்கள். ஆனால் ஒலி வரவில்லை என்பதால் அங்கே நரம்பு இல்லை என்று முடிவு கட்டுவது ஆபத்து, ஊசி நழுவியிருக்கலாம். அறுவைக்குப் பின் முகத்தில் வரும் தற்காலிகத் தளர்ச்சியை இக்கருவி குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. நிரந்தரப் பாதிப்பைக் குறைப்பதாக அதே உறுதியோடு சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், கருவி இருக்கிறதா என்பதைவிட அந்த மருத்துவர் இத்தகைய அறுவைகள் எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்பதே மேல்.

நரம்பு முழுதாக இருந்தும், இழுபட்டதால் மட்டுமே சில வாரங்கள் வாய் கோணலாம். தாடை விளிம்பில் ஓடும் கிளைதான் இதில் அடிக்கடி மாட்டுகிறது. கன்னத்துக் கிளைகள் தங்களுக்குள் பின்னிக்கிடப்பதால் ஒன்று சோர்ந்தாலும் மற்றொன்று சமாளிக்கும். தாடைக் கிளைக்கு அந்த வசதி குறைவு. சிரிக்கும்போது கீழுதட்டின் ஒரு பக்கம் இறங்காமல் நின்றுவிடும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிறது.

அறுவைக்கு முன்பே முகம் ஒரு பக்கம் செயலிழந்திருந்தால் கதை வேறு. புற்றுநோய் நரம்பைப் பிடித்திருக்கக் கூடும். அப்போது அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, காது மடலுக்கு உணர்வு தரும் நரம்பிலிருந்தோ காலிலிருந்தோ ஒரு துண்டு எடுத்து ஒட்டுவார்கள். நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அது தசையைச் சென்றடையும்வரை பல மாதங்களுக்கு இமை முழுதாக மூடாது. பகலில் சொட்டு மருந்து, இரவில் இமையை மூடி ஒட்டும் பட்டை என்று கருவிழி காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.