இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து யாராவது கிளினிக்குக்குப் போய் வந்தால், வீட்டில் முதல் கேள்வி "பிரஷர் எவ்வளவாம்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பிரஷர் நன்றாக இருப்பதாலேயே ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று நம்பிவிடக் கூடாது. டிங்கிக் காய்ச்சல் கடுமையாகும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டுக் கசிகிறது. இதயம் தள்ளும் ரத்தம் குறைகிறது. உடம்பு உடனே குழாய்களை இறுக்கிப் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும். கைகால் சில்லிட்டுக் கிடக்கும்போதும் கருவி நல்ல எண்ணையே காட்டலாம்.

இதயத்துக்குள் குழாய் விட்டு ஓட்டத்தை அளக்கும் முறை உண்டு. அல்ட்ராசவுண்டுக்கு ஒரு கீறல்கூட வேண்டாம்.

அல்ட்ராசவுண்டு ஓட்டத்தை அளப்பது, 1842இல் ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன தத்துவத்தை வைத்து. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே நம்மைக் கடந்ததும் சுருதி இறங்குகிறதே, அதேதான். இடது மார்புக்குக் கீழே, துடிப்பு தட்டும் இடத்தில் ஜெல் தடவிக் கருவியை வைக்கிறார்கள். அனுப்பும் ஒலி 2 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 லட்சம் அதிர்வு என்றால் நம் காதுக்கு எட்டாது. அது ரத்த அணுக்களில் பட்டுத் திரும்புகிறது. ரத்தம் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் விலகி ஓடினால், திரும்பும் அதிர்வெண் சுமார் 2,600 ஹெர்ட்ஸ் குறையும். இந்த வித்தியாசம் காதுக்குக் கேட்கும் அளவு, ஸ்பீக்கரில் 'விஷ்... விஷ்...' என்று வருவது அதுதான்.

அந்த வேகத்தை வைத்து, ஒரு துடிப்பில் ரத்தம் எவ்வளவு தூரம் போனது என்று கருவி கணக்கிடும். 20 சென்டிமீட்டர் என்று வைப்போம். இதயத்தின் வெளிவாசல் 2 சென்டிமீட்டர் அகலம் என்றால் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் ஒரு துடிப்புக்குச் சுமார் 63 மில்லி. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 4.4 லிட்டர்.

சரி, எங்கே தவறும்? ஒலிக்கற்றை ரத்தம் போகும் திசைக்கு நேராக இருக்க வேண்டும்; 60 பாகை சாய்ந்தால் வேகம் பாதியாகத் தெரியும். அதைவிடத் தொல்லை அகலம். 2 சென்டிமீட்டரை 1.8 என்று அளந்தால், பரப்பில் அகலம் இருமுறை பெருக்கப்படுவதால், விடை 19 விழுக்காடு குறைந்துவிடும்.

அதனால், ஒரு தடவை வரும் எண்ணைவிட மாற்றத்தைப் பார்ப்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நோயாளியின் கால்களைத் தூக்கிப் பிடித்தால் காலில் உள்ள ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். வாசலின் அகலம் மாறாது. ஒரு துடிப்பில் ரத்தம் போகும் தூரத்தை மட்டும் முன்னும் பின்னும் பார்த்தால் போதும். அது 10 முதல் 15 விழுக்காடு கூடினால், தண்ணி ஏற்றினால் இதயம் இன்னும் தள்ளும் என்று அர்த்தம். கூடவில்லை என்றால் மேற்கொண்டு ஏற்றும் நீர் நுரையீரலில் தேங்கிவிடும் ஆபத்து உண்டு.