கையிருப்பில் இரண்டு ஜெனரேட்டர்

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டையார்பேட்டையின் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். என் சித்தப்பாவின் வாடகைக் கடைக்கு அதுதான் அறுவடைக் காலம். சாமியானா, அண்டா, நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் ஒரே நாளில் வெளியே போக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு ஞாயிறுக்காக, கணினித் திரையில் 'ஜெனரேட்டர்: கையிருப்பு 2' என்று பார்த்துவிட்டு இரண்டு கோயில்களிடமும் முன்பணம் வாங்கினேன். ஒரு ஜெனரேட்டர் கடையில் இருந்தது. மற்றொன்று பட்டறையில் பிரிந்து கிடந்தது. அதன் நட்டு போல்ட்டுகள் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. மென்பொருளை வாங்கச் சொன்னவன் நான். கோயில் வாசலில் திட்டு வாங்கியவர் சித்தப்பா.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. அதற்கு மளிகைக் கடைப் புத்தி, அவ்வளவுதான். மளிகையில் துவரம்பருப்பு வரும், போகும், போனது திரும்பாது. 'எத்தனை இருக்கிறது' என்ற ஒரே கேள்வி அங்கே போதும். வாடகைக் கடையில் 'எப்போதிலிருந்து எப்போது வரை எத்தனை இருக்கும்' என்று கேட்க வேண்டும்.

இதில் சட்டம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 2017-ன் ஜிஎஸ்டி சட்டப்படி, பொருளின் சொந்தக்காரரை மாற்றாமல் அதைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் கொடுத்தால் அது சேவை. அதாவது ரசீதில் ஏறுவது சேவை, வண்டியில் ஏறுவது சொத்து. மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட் என்ற திறமூல மென்பொருளிலும், ஒரு பொருளை நிலைச்சொத்து (விற்காமல் கடையே வைத்துப் பயன்படுத்துவது) என்று குறித்துவிட்டால் அதையே கையிருப்புப் பொருளாக வைத்துக்கொள்ள விடாது. முதலில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது: 'ஜெனரேட்டர் வாடகை' என்று ஒரு சேவைப் பதிவு, ஜெனரேட்டர் ஒன்று, ஜெனரேட்டர் இரண்டு என்று தனித்தனிச் சொத்துப் பதிவுகள். விலை முன்னதில், வாழ்க்கை வரலாறு பின்னதில்.

எல்லாவற்றுக்கும் வரலாறு தேவையில்லை. நாற்காலிக்கு எண்ணிக்கை போதும். எந்த நாற்காலி போனால் என்ன? அண்டாவுக்கு அப்படியில்லை. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே அடிப்பாகத்தில் பெயரும் எண்ணும் வெட்டி வைத்தார்கள். ஒடுக்கு விழுந்து திரும்பினால் யார் வீட்டில் விழுந்தது என்று அந்த எண் சொல்லிவிடும்.

எண்ணிக்கைப் பொருளின் கணக்கைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஆவணி முகூர்த்த வாரம், கடையில் 400 நாற்காலி. கொருக்குப்பேட்டைக்கு வெள்ளி மாலை முதல் ஞாயிறு காலை வரை 150. வியாசர்பாடிக்குச் சனி காலை முதல் இரவு வரை 200. ராயபுரத்துக்கு ஞாயிறு மதியம் முதல் இரவு வரை 180. கூட்டினால் 530, பயந்துபோய் ஒருவரைத் திருப்பி அனுப்பத் தோன்றும். மென்பொருள் கூட்டக்கூடாது. பஸ் நடத்துநர் ஏறுபவரையும் இறங்குபவரையும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் எண்ணுவதுபோல, நேர வரிசையில் நடந்து போக வேண்டும்: வெளியே போனால் கூட்டு, திரும்பினால் கழி. வெள்ளி மாலை 150, சனி காலை 350, சனி இரவு 150, ஞாயிறு காலை சுழியம், மதியம் 180. உச்சம் 350 மட்டுமே. இப்போது காசிமேட்டிலிருந்து ஒருவர் சனி மதியம் முதல் ஞாயிறு காலை வரை 100 கேட்டால் உச்சம் 450 ஆகிவிடும். கையை விரிக்க வேண்டியதுதான்.

ஒற்றைப் பொருளுக்கு விதி இன்னும் சிறியது. இரண்டு முன்பதிவுகளில் இதன் தொடக்கம் அதன் முடிவுக்கு முன்னும், அதன் தொடக்கம் இதன் முடிவுக்கு முன்னும் வந்தால் இரண்டும் மோதும். திரும்பிய அண்டாவைக் கரி போகத் தேய்த்துக் காய வைக்க அரை நாள் பிடிக்கும் என்பதால், முடிவு நேரத்தோடு அந்த அரை நாளையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

என் ஜெனரேட்டர் சங்கதி இந்த விதியில்தான் தீர்ந்தது. பராமரிப்புக்கென்று மென்பொருளில் தனிப் பகுதி உண்டு. பட்டறைக்கு அனுப்பிய தேதியைக்கூட அதில் ஒழுங்காகப் பதிந்திருந்தேன். முன்பதிவுப் பகுதி அதை எட்டிப் பார்க்கவில்லை. பழுதுபார்ப்பையும் ஒரு முன்பதிவாக, அதே நாட்காட்டியில் ஒரு பட்டையாகப் போட்டால் மோதல் விதி தானாகவே தடுத்துவிடும். வாடிக்கையாளர் இடத்தில் மெக்கானிக், வாடகை சுழியம்.

பட்டையை எப்போது போடுவது? டீசல் ஜெனரேட்டருக்குப் பொதுவாக 250 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இன்ஜின் ஆயில் மாற்றச் சொல்வார்கள். கடைசியாக மாற்றியபோது மீட்டர் 1,180. அடுத்த கெடு 1,430. இன்று மீட்டர் 1,412. கெடு இன்னும் வரவில்லை என்று மென்பொருள் சும்மா இருந்தால் ஏமாந்தோம். அடுத்த முன்பதிவு இரண்டு இரவு, தலா 12 மணி. கெடு திருவிழா நடுவில் வந்து நிற்கும். ஆகவே இன்றைய எண்ணோடு வரப்போகும் ஓட்டத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஓடாமலே வயதாகும் பொருள்களும் உண்டு. காசிமேட்டுக் கடற்காற்றின் உப்பு பந்தல் குழாயில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். அதற்கு மீட்டர் கிடையாது, நாட்காட்டிதான்.

தேய்மானத்தையும் சட்டம் கவனித்திருக்கிறது. 2013-ன் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சாதாரண மேசை நாற்காலிகளுக்கு 10 ஆண்டு ஆயுள் தருகிறது. கல்யாணம் போன்ற விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுபவற்றுக்கு 8. சித்தப்பாவின் கடை கம்பெனி அல்ல. ஆனாலும் பந்தியில் பிள்ளைகள் நாற்காலி மீது ஏறி நிற்பதை யாரோ ஒரு அதிகாரி பார்த்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

இந்த ஆடியில் சித்தப்பா திரையைப் பார்த்தார். ஜெனரேட்டர் இரண்டுக்கு எதிரே மூன்று நாள் பட்டை, பெயர் 'மெக்கானிக்', வாடகை 0. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: "அவனிடம் ஏன் முன்பணம் வாங்கவில்லை?"