கடற்கரை ஊரில் செயற்கை ரீடு வாங்குவோர் கவனத்துக்கு

கிளாரினெட், சாக்ஸபோன் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதும் கற்பிப்பதுமாகப் பாம்பன், மண்டபம், கீழக்கரை வட்டாரக் கலைஞர்களோடு பழகிவரும் என்னிடம் அண்மைக் காலமாக அதிகம் கேட்கப்படுவது, நாணல் ரீடை விட்டுச் செயற்கை ரீடுக்கு மாறலாமா என்பதே. ரீடு என்பது வாத்தியத்தின் வாய்ப் பகுதியான மவுத்பீஸில் பொருத்தப்படும், ஊதும்போது அதிர்ந்து ஓசை எழுப்பும் மெல்லிய தகடு. தாராளமாக மாறலாம், ஆனால், அதன் கடினத்தைக் காட்ட அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பி மாறக் கூடாது.

நாணல் ரீடு நனைந்தால் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். வாடைக் காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஈரத்தோடு மூடி வைத்த ரீடில் பூஞ்சை பிடித்துவிடுகிறது. கோடையிலோ, இரண்டு உருப்படிகளுக்கு நடுவே வாத்தியத்தைச் சற்று இறக்கி வைத்தாலே ரீடின் நுனி காய்ந்து அலை அலையாக நெளிகிறது. நெளிந்த நுனி மவுத்பீஸின் விளிம்போடு படியாது. இடையில் காற்றுக் கசிந்து, எடுத்த எடுப்பில் ஸ்வரத்துக்குப் பதில் சீறல்தான் கேட்கும். பாலிப்ரொப்பிலீன் போன்ற பொருள்களால் ஆன செயற்கை ரீடு தண்ணீரை உறிஞ்சாது என்பதால் இந்தத் தொல்லை இல்லை. வாயில் ஊறவைக்கவும் வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய நாணல் ரீடும் சந்தையில் உண்டு. அதைச் செயற்கை ரீடு என்று எண்ணி வாங்கிவிட வேண்டாம்; உள்ளே இருப்பது நாணல்தான்.

நம் பகுதியில் பலரும் கவனிக்கத் தவறுவது வெப்பத்தை. செயற்கை ரீடு சூட்டில் இளகும் தன்மையுடையது. குளிரூட்டிய கடைக்குள் சரியாகத் தோன்றிய கடினம், பங்குனி வெயிலில் ஊர்வலத்தோடு நடந்து வாசிக்கும்போது குறைந்துவிடும். இளகிய ரீடில் கமகம் எளிதாக வளையும், அது உண்மைதான். ஆனால் மேல் ஸ்தாயியில் சுருதி கீழிறங்கும், ஓசையும் மெலியும். ஆகவே பகலில் வெளியே வாசிப்பவர், அரங்கத்துக்குள் வாசிக்க வைத்திருப்பதைவிடக் கால் அல்லது அரை எண் கடினமான இன்னொன்றையும் வைத்துக்கொள்வது நல்லது. எண்களின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், நாணலில் இரண்டரை வாசித்தவர் செயற்கையிலும் இரண்டரையே கேட்டு வாங்குவது பெரும்பாலும் பொருந்துவதில்லை. மவுத்பீஸின் நுனிக்கும் ரீடின் நுனிக்கும் உள்ள இடைவெளி அகலமானால் மென்மையான ரீடும், குறுகலானால் கடினமான ரீடும் பொதுவாக ஒத்துவரும். எனவே சொந்த மவுத்பீஸைக் கையோடு கொண்டுபோய், கீழ் ஸ்தாயியில் மெதுவாகவும் மேல் ஸ்தாயியில் நீட்டியும் ஊதிப் பார்த்த பின்பே பணம் கொடுங்கள். ஒரு செயற்கை ரீடின் விலைக்கு நாணல் ரீடுகள் ஒரு பெட்டியே வாங்கிவிடலாம் என்பதால் இந்தப் பொறுமை வீண்போகாது.

நாகஸ்வரக் கலைஞர்களும் இதைப் பற்றி விசாரிப்பதுண்டு. கிளாரினெட் ரீடு ஒற்றைத் தகடு. நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியோ, கெண்டை எனும் சிறு உலோகக் குழாயில் பொருத்தப்படும் இரட்டை நாக்கு. வாத்தியத்தில் சீவாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டு, அன்றைய காற்றுக்கும் உதட்டுக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் அவர்களுக்கு நான் இங்கே கூறிய கணக்கு எதுவும் பொருந்தாது.

செயற்கை ரீடை வெந்நீரில் போடாதீர்கள். இளஞ்சூட்டு நீரும் சிறிது சோப்பும் போதும். பேண்டு குழுக்களில் ஒரே ரீடைப் பலர் வாயில் வைத்துப் பழகும் வழக்கம், பொருள் செயற்கையாகிவிட்டதால் சுகாதாரமானதாகிவிடாது. நாள்பட்டால் செயற்கை ரீடும் தளரும். வழக்கமான அழுத்தத்தில் மேல் ஸ்தாயி நிற்காமல் நழுவத் தொடங்கினால், உதட்டை இறுக்கிச் சமாளிக்காமல் ரீடை மாற்றிவிடுங்கள்.